மார்கழியிலே எந்தக் கடற்கரை?

மார்கழி பிறந்துவிட்டால் ஊவா மலைகளிலே வெயில் என்பது எப்போதாவது வந்து எட்டிப் பார்க்கும் விருந்தாளி. விடியும்போது மூடுபனி, நண்பகலில் தூறல், மாலையில் மழை. கொடியில் விரித்த துணி மூன்று நாளாகியும் உலர்வதில்லை. அடுப்பங்கரைப் புகையிலே காயவைத்த சட்டையைப் போட்டுக்கொண்டு பிள்ளைகள் இருமுகிறார்கள். பாடசாலைக்கும் விடுமுறை. இந்த வேளையிலேதான் வீட்டிலுள்ள கடைக்குட்டி, "இரண்டு நாள் கடற்கரைக்குப் போய் வந்தால் என்ன அப்பா?" என்று கேட்கும். அப்பா பதில் சொல்லுமுன் தம் சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்துக்கொள்வார். அம்மாவோ, போவதானால் எத்தனை பேர், சோறு எங்கே, தங்குவது எங்கே என்று கணக்கிடத் தொடங்கிவிடுவார்.

கேள்வி நியாயமானது; சிறு செலவில் நிறைவேறக் கூடியதுந்தான். ஆனால் முதற்படியிலேயே பலர் வழி தவறிவிடுகிறார்கள். பதுளைக்கு மிக அருகிலுள்ள கடல் எதுவெனத் தேசப்படத்தைப் பார்த்துக் கேட்டால், படம் கிழக்கைக் காட்டும். பசறை, மொனராகலை, சியம்பலாண்டுவ வழியாகப் பொத்துவிலுக்குப் போனால் நூற்றுச் சொச்சம் கிலோமீற்றரிலே அறுகம்பை. லுணுகலை, பிபிலை, மகாஓயா வழியாகச் செங்கலடிக்கு இறங்கினால் மட்டக்களப்பும் பாசிக்குடாவும். அங்கே நம் மொழி பேசும் மக்கள்; உறவு முறையும் சிலருக்கு உண்டு. ஆகவே மூட்டையைக் கட்டிக்கொண்டு கிழக்கே புறப்படுகிறார்கள். போய்ச் சேர்ந்ததும் காண்பது என்ன? பதுளையில் விட்டு வந்த அதே மழை, இன்னும் கனத்த துளிகளோடு. கடலோ சேற்று நிறமாய்க் குமுறிக்கொண்டிருக்கும். வாடகை கொடுத்த அறைக்குள் இருந்து ஓட்டின்மேல் மழை விழும் ஓசையைக் கேட்பதற்கு அத்தனை தூரம் போயிருக்க வேண்டியதில்லை.

காரணத்தை மாணவச் செல்வங்கள் தெரிந்துகொள்வது நன்று. இலங்கைக்கு இரண்டு பருவக்காற்றுகள். மே தொடக்கம் செப்டெம்பர் வரை தென்மேற்கிலிருந்து வீசுவது ஒன்று. சோழகம் என்றும் கச்சான் என்றும் நம் முன்னோர் பெயரிட்டனர். டிசம்பர் தொடக்கம் பெப்ரவரி வரை வடகிழக்கிலிருந்து வருவது மற்றொன்று, இது வாடை. வாடைக்காற்று வங்கக் கடலைக் கடக்கையில் நீரை முகந்துகொண்டு வந்து, முதலிலே கிழக்குக் கரையிலும், பின்னர் 2,036 மீற்றர் உயர்ந்து நிற்கும் நமுனுகுல முதலான ஊவா மலைகளின் கீழைச் சரிவுகளிலும் அதனைக் கொட்டிவிடுகிறது. மலையைத் தாண்டி மறுபுறம் இறங்கும்போது அதனிடம் ஈரம் அதிகமில்லை. ஆகவே மார்கழியிலே மழைக்கு மறுபக்கம் தெற்கும் தென்மேற்குமாகும். சோழகக் காலத்திலே இந்த நாடகம் அப்படியே தலைகீழாக நடக்கும். காலியும் கொழும்பும் நனைய, ஊவாவுக்கு வறண்ட காற்று வரும். அந்த வறண்ட காற்றிலேதான் ஜூலை முதல் செப்டெம்பர் வரை நம் தோட்டத்துக் கொழுந்துக்குத் தனி மணம் ஏறி, ஊவாத் தேயிலை உலகச் சந்தையிலே பெயர் வாங்குகிறது. அதே மாதங்களில் பாசிக்குடா கண்ணாடி போலக் கிடக்கும். ஆகஸ்ட் விடுமுறைக்குக் கிழக்கு, டிசம்பர் விடுமுறைக்குத் தெற்கு. ஊவாக் குடும்பம் இதனை நினைவில் வைத்தாலே பாதிச் செலவு மிச்சம்.

தெற்கே போகும் வழியும் நமக்கென்றே அமைந்தது போலிருக்கிறது. கொழும்பிலே தொடங்கிக் காலி, மாத்தறை, அம்பாந்தோட்டை எனக் கடலோரமாகவே வரும் ஏ2 நெடுஞ்சாலை, பின்னர் உள்நாட்டுக்குத் திரும்பித் தணமல்வில வழியாக வந்து வெல்லவாயாவில் முடிகிறது. அதாவது கடற்கரைப் பாதையின் ஒரு நுனி ஊவாவின் வாசற்படியிலே கிடக்கிறது. பதுளையிலிருந்தும் பண்டாரவளையிலிருந்தும் எல்ல, வெல்லவாய வழியாக மாத்தறைக்கும் காலிக்கும் பஸ் வண்டிகள் போகின்றன. காலையிலே ஏறினால் பிற்பகலுக்குள் மாத்தறை. இறங்க இறங்கக் கம்பளிச் சட்டையைக் கழற்ற வேண்டிவரும். ஆயிரம் மீற்றர் இறங்கினால் ஏறத்தாழ ஆறரைப் பாகை வெப்பம் கூடும் என்பது பொதுக் கணக்கு. 1,400 மீற்றருக்கு மேலே உள்ள ஹப்புத்தளையிலிருந்து புறப்படும் குடும்பம் கடல் மட்டத்தை அடையும்போது ஒன்பது பாகை வரை வேறுபாட்டை உடம்பிலேயே உணரும். புவியியற் பாடத்தை இதைவிட எளிதாக யார் கற்பிப்பார்?

நிற்க. இந்தப் பாதையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியே ஆகவேண்டும். சிக்கனம் என்ற பெயரிலே நம்மவர் செய்யும் ஓர் ஏற்பாடு உண்டு. நள்ளிரவிலே வான் வண்டியைப் பிடித்துப் புறப்பட்டு, பகல் முழுவதும் கடலிலே ஆடிவிட்டு, அன்றிரவே மலையேறி வீடு திரும்புவது. ஓரிரவுத் தங்கற் செலவு மிச்சம் என்று பெருமை வேறு. நாம் இதனை முற்றாக மறுக்கிறோம். 2025 செப்டெம்பர் 4ஆம் திகதி இரவு, மலைநாட்டுக்கு உல்லாசப் பயணம் வந்து திரும்பிக்கொண்டிருந்த தங்காலை நகரசபை ஊழியர்களையும் குடும்பத்தினரையும் ஏற்றிய பஸ் வண்டி, எல்ல–வெல்லவாய பாதையில் பள்ளத்திலே வீழ்ந்து பதினைந்து பேர் மாண்டனர். அவர்கள் கடற்கரையிலிருந்து மலை பார்க்க வந்தவர்கள். நாம் மலையிலிருந்து கடல் பார்க்கப் போகிறோம். பாதை ஒன்றே. நீண்ட வளைவுகளும் செங்குத்தான இறக்கமும் உள்ள அந்த வழியைப் பகல் வெளிச்சத்திலே, உறங்கி எழுந்த சாரதியின் கையிலே கடக்க வேண்டும். ஒரு நாளிலே போய் வர முடியாதென்றால் போகாமலிருப்பது மேல். பணம் சேர்ந்த பின் இரண்டு நாளாகப் போகலாம்.

மழைக்காலத்து மண்சரிவையும் மறக்கலாகாது. 2025 நவம்பர் இறுதியிலே இலங்கையைத் தாக்கிய தித்வா புயலில் பதுளை மாவட்டம் பட்ட பாட்டை வாசகர்களுக்கு நாம் விரித்துரைக்க வேண்டியதில்லை. மலையகப் புகையிரதப் பாதையும் பல இடங்களிலே சிதைந்தது. ஆகவே புறப்படுவதற்கு முதல் நாள் பஸ் நிலையத்திலும், புகையிரதத்தை நம்பியவர்கள் புகையிரத நிலையத்திலும், வழி திறந்திருக்கிறதா என்று கேட்டறிவது அவசியம். இடர் முகாமைத்துவ நிலையத்தின் எச்சரிக்கை உள்ள நாளிலே பயணத்தைத் தள்ளிவைத்தால் கடல் எங்கும் ஓடிப்போய்விடாது.

இனிக் கடற்கரைக்கு வருவோம். தெற்கே எல்லாக் கரையும் ஒன்றல்ல. முதலிலே கண்ணிற்படும் கிரிந்தவும் அம்பாந்தோட்டையும் பார்க்க அழகானவை, குளிக்க ஏற்றவையல்ல. கதிர்காமத்துக்கு நேர்த்தி வைத்துப் போகும் குடும்பங்கள் திஸ்ஸமகாராமவிலிருந்து சிறிது தூரம் விலகிக் கிரிந்தவுக்குப் போய்ப் பாறை மேல் நின்று அலையைப் பார்த்து வரலாம். மடத்திலே தங்கிக்கொண்டால் செலவும் பெரிதல்ல. புண்ணியமும் வெயிலும் ஒரே பயணச்சீட்டிலே கிடைத்துவிடும். ஆனால் அங்கே காலை நனைப்பதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். அம்பாந்தோட்டை உப்பளங்களுக்குப் பெயர்பெற்ற வறண்ட பூமி. ஆண்டு முழுவதும் பெய்யும் மழை ஏறத்தாழ 1,000 மில்லிமீற்றர்தான். ஆங்கில எழுத்தாளர் லெனார்ட் வூல்ஃப் 1908 முதல் 1911 வரை இங்கே உதவி அரசாங்க அதிபராக இருந்து, உப்புச் சேகரிப்பையும் மேற்பார்த்தார். பக்கத்திலுள்ள பூந்தலவிலே வடநாட்டுக் குளிருக்கு அஞ்சி ஆயிரக்கணக்கான மைல் பறந்து வரும் பறவைகள் மார்கழியிலே இளைப்பாறுகின்றன. அவை அறை வாடகை கொடுப்பதில்லை, அவ்வளவே வித்தியாசம்.

தங்காலையிலே அழகிய குடாக்கள் பல. சில அமைதியானவை, சில, கரையோடு ஆழம் சரிந்து, பெரிய அலை வந்து அறையுமிடங்கள். இடம் தெரிந்தவர் காட்டாமல் இறங்கலாகாது. மிரிஸ்ஸவும் உனவட்டுனவும் ஹிக்கடுவையும் உலகப் பெயர் பெற்றவை. அதுவேதான் நம் சட்டைப்பைக்கு வந்த சங்கடம். ஐரோப்பாவிலே பனி மூடும் காலத்தில் வெயிலை விலைக்கு வாங்க அங்கிருந்து வருவோர் டிசம்பரிலிருந்து மார்ச் வரை இக்கரைகளை நிறைப்பார்கள். நத்தாருக்கும் புதுவருடத்துக்கும் இடைப்பட்ட நாட்களிலே அறை வாடகை ஏறும் ஏற்றம் சொல்லி முடியாது. அவர்களைக் குறைகூறுவதற்கில்லை, குளிரின் அருமை குளிர்ந்தவனுக்கே தெரியும். ஆனால் அவர்கள் விலைக்கு நாமும் போட்டியிட வேண்டியதில்லை.

ஆகவே எமது சிபாரிசு மாத்தறை. நகரத்துக்கு மேற்கே நடந்தே போகக்கூடிய தூரத்தில் பொல்ஹேன என்றொரு கரை உண்டு. கடலினுள்ளே நீண்ட பவளப்பாறைத் திட்டு ஒன்று வெளிச்சுவர் போலக் கிடந்து பேரலைகளைத் தடுத்துவிடுவதால், உள்ளே குளம் போன்ற ஆழமற்ற நீர். மலையிலே வளர்ந்து அலையையே கண்டிராத பிள்ளைகளுக்கு முதன்முதல் கடலை அறிமுகம் செய்ய இதனினும் தக்க இடம் தென்கரையிலே அரிது. மாத்தறை, பல்கலைக்கழகமும் கச்சேரியும் சந்தையும் உள்ள சாதாரணப் பட்டணம். உல்லாசப் பயணிகளை மட்டும் நம்பி வாழும் ஊரன்று. சோற்றுக்கடையிலே உள்ளூர்க்காரர் கொடுக்கும் விலையைத்தான் நாமும் கொடுப்போம்.

மாத்தறையிலே தங்குவதால் இன்னொரு லாபமும் உண்டு. 1895இலே மாத்தறைக்கு வந்து சேர்ந்த கரையோரப் புகையிரதப் பாதை, 2019இலேதான் அதைத் தாண்டிப் பெலியத்த வரை நீண்டது. மாத்தறை நிலையத்தில் மூன்றாம் வகுப்புச் சீட்டு எடுத்தால் வெலிகம, அகங்கம, கொக்கல என்று கடலைப் பார்த்தபடியே காலிக்குப் போய்விடலாம். அலை அடிக்கும் ஓசை ஜன்னலிலே கேட்கும். காலிக் கோட்டை 1988 முதல் உலக மரபுரிமைச் சின்னம். மதில்மேல் உலாவக் கட்டணம் இல்லை. மாலை வெயில் சாயும்வரை பிள்ளைகள் அங்கே ஓடலாம்.

மாணவர்கள் காலியிலே ஒரு செய்தியை நினைவுகூர வேண்டும். சீனக் கடற்படைத் தலைவர் செங் ஹோ நிறுவிய மும்மொழிக் கல்வெட்டு 1911இலே இந்நகரிலேதான் கண்டெடுக்கப்பட்டது. 1409ஆம் ஆண்டைக் குறிக்கும் அக்கல்லில் சீனம், பாரசீகம், தமிழ் ஆகிய மூன்று மொழிகள் பொறிக்கப்பட்டுள்ளன. தமிழ்ப் பகுதி தெனாவரை நாயனாருக்குச் செலுத்திய காணிக்கைகளைக் கூறுகிறது. அந்தத் தெனாவரை எதுவென்றால், மாத்தறைக்குச் சற்றுக் கிழக்கேயுள்ள தெவிநுவர, நம் தீவின் தென்கோடி முனை. அங்கிருந்த பெருங்கோயிலைப் போர்த்துக்கேயர் 1588இலே அழித்தனர். இன்று அதே முனையிலே 1890இலே கட்டப்பட்ட உயர்ந்த வெளிச்சவீடு நிற்கிறது. கல் கொழும்பு நூதனசாலையிலே இருக்கிறது. ஆறு நூற்றாண்டுகளுக்கு முன் தென்கரைத் துறைமுகத்திலே தமிழில் எழுதினால் படிப்பார் இருந்தனர் என்பதை மணலிலே உட்கார்ந்து பிள்ளைகளுக்குச் சொல்லலாம்.

தோட்டத்துக் குடும்பங்களைப் பற்றிச் சொல்லாவிட்டால் இப்பகுதி நிறைவுறாது. பாட்டனும் பூட்டனும் கடலைக் கடந்துதான் இங்கு வந்தார்கள். தலைமன்னாரிலே இறங்கி, மலையேறி, தேயிலைக்குள் மறைந்தார்கள். அக்கரையிலிருந்த தனுஷ்கோடியை 1964 டிசம்பர்ப் புயல் அழித்தே போயிற்று. அவர்கள் வழிவந்த பிள்ளைகளிலே கடலைப் படத்திலே மட்டும் பார்த்தவர்கள் மடுல்சீமையிலும் பசறையிலும் இன்றும் பலர். காரணம் ஆசையின்மை அன்று. 2024 செப்டெம்பரிலே அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாய் என நிர்ணயிக்கப்பட்டது. அதன்பின் கூடியதைச் சேர்த்துக்கொண்டாலும், அரிசிக்கும் பாடப் புத்தகத்துக்கும் போக மிஞ்சுவது என்ன என்பதை அவர்களே அறிவர். ஆனாலும் வழி இல்லாமற் போகவில்லை. தோட்டத்துப் பெண்களுக்குச் சீட்டுப் பிடிக்கும் கலையை யாரும் கற்பிக்க வேண்டியதில்லை. நான்கு குடும்பங்கள் சேர்ந்து தைப்பொங்கலிலிருந்து மாதா மாதம் சிறு தொகையைப் போட்டு வந்தால், அடுத்த மார்கழிக்குள் வான் வாடகையும் ஓரிரவுத் தங்கலும் தேறிவிடும். வண்டிக்காரருக்கு முழுத் தொகையையும் முன்பணமாகக் கொடுத்துவிடலாகாது; காத்திருப்புக் கூலியும் சாரதியின் சாப்பாடும் யார் கணக்கு என்பதை முதலிலேயே பேசிக்கொள்ள வேண்டும்.

தங்குமிடம் தேடும்போது கடலைப் பார்த்த அறை வேண்டாம். பாதைக்கு மறுபுறம், நாலு வீடு தள்ளி உள்ள அறை மலிவு. குடும்பமாக இருந்தால் அமைதியும் அதிகம். குளிர்சாதனம் தேவையில்லை, மின்விசிறி போதும். குளிரிலிருந்து தப்பி வந்தவர்கள் மறுபடியும் குளிரை விலைக்கு வாங்குவானேன்? தொலைபேசியிலே கேட்கவேண்டியவை: குழாயிலே நன்னீர் வருமா, பிள்ளைகளுக்குத் தனிக் கட்டணமா, சமைத்துக்கொள்ள இடம் தருவார்களா. அரசாங்க ஊழியர்களும் ஆசிரியர்களும் தத்தம் திணைக்களத்துக்குத் தென்கரையிலே விடுதி உண்டா எனக் கேட்டு விண்ணப்பித்தால் சில வேளை சொற்ப வாடகைக்குக் கிடைக்கும். இதற்கு மாதக் கணக்கிலே முந்திக்கொள்ள வேண்டும். முதல் நாள் சாப்பாட்டை வீட்டிலிருந்தே கொண்டுபோவது உத்தமம். புளிச்சாதம் மறுநாள் காலை வரை தாங்கும். ரொட்டியும் கட்டைச் சம்பலும் வழியிலே போதும்.

எந்த நாளிலே போவது? பாடசாலை மூடியவுடன் போனால் வாடகை குறைவு. ஆயினும் மழை முற்றாக விலகியிராது. நத்தார் வாரம் வெயில் நன்று; விலை கொடிது. பொங்கல் கழிந்து வரும் வார இறுதியோ, பெப்ரவரி 4ஆம் திகதி சுதந்திர தின விடுமுறையை ஒட்டிய நாட்களோ வெயிலுக்கு உறுதியானவை. படிக்கும் பிள்ளைக்கு ஒரு நாட் பாடம் தவறுமே என்று தயங்குவோர் வெள்ளி மாலை புறப்படலாமா என்றால், மேலே சொன்ன இரவுப் பயணத்தின் ஆபத்தை மீண்டும் படிக்க வேண்டுகிறோம். சனி விடியலே நல்ல நேரம்.

கடலிலே இறங்குமுன் கவனிக்க வேண்டியது ஒன்று. பதுளு ஓயாவிலே நீந்தப் பழகிய பையன், கடலும் ஓயாவின் அண்ணன்தானே என்று எண்ணுவான். அப்படியன்று. கரையை அடைந்த அலைநீர் மீண்டும் கடலுக்குள் பாய்ந்தோட ஓரிடத்தைப் பிடித்துக்கொள்ளும். அங்கே அலை உடையாது; நீர் சற்றுக் கறுத்து, அமைதியாகத் தோன்றும். தெரியாதவர் அதையே பாதுகாப்பான இடமென்று நினைத்து இறங்குவர். அந்த ஓட்டத்திலே சிக்கினால் கரையை நோக்கி எதிர்நீச்சல் போடக் கூடாது. எத்தகைய வீரனும் களைத்துவிடுவான். மிதந்தபடி பக்கவாட்டாக, கரைக்கு ஒப்ப நீந்தி, ஓட்டத்தை விட்டு விலகிய பின்னரே திரும்ப வேண்டும். சிவப்புக் கொடி பறந்தால் இறங்கலாகாது. உயிர்காப்பு வீரர் இல்லாத கரையிலே இடுப்பளவு நீருக்கு மேல் வேண்டாம். மது அருந்திய சிற்றப்பாவுக்குக் கரையிலே செருப்புக் காக்கும் உத்தியோகம் கொடுத்துவிடலாம்.

விடுமுறை நாட்களுள் டிசம்பர் 26 வருமானால் அதன் பொருளைப் பிள்ளைகள் அறிந்திருக்க வேண்டும். 2004ஆம் ஆண்டு அந்நாள் ஞாயிறும் பௌர்ணமியுமாய் இருந்தது. சுமாத்திராவுக்கு அப்பால் எழுந்த ஆழிப்பேரலை இலங்கையிலே முப்பதாயிரத்துக்கு மேற்பட்டோரைக் கொண்டுபோயிற்று. அம்பாந்தோட்டையிலே ஞாயிற்றுச் சந்தை கூடியிருந்த வேளை. ஹிக்கடுவைக்கு அண்மையில் பெரலியவிலே ஒரு புகையிரதமே அலையில் அகப்பட்டது. கரையின் சில பகுதிகளிலே அலை வருமுன் கடல் உள்வாங்கியது. மணல் தெரிகிறதே என்று ஓடிப்போய்ப் பார்த்தவர்கள் திரும்பவில்லை. கடல் வழக்கத்துக்கு மாறாகப் பின்வாங்கினாலும், நிலம் நெடுநேரம் அதிர்ந்தாலும், சாமான்களைத் தேடாமல் மேட்டை நோக்கி ஓட வேண்டும் என்பதைக் கடைக்குட்டியும் சொல்லத் தெரிந்திருக்கட்டும்.

திரும்பும்போது காலை உணவுக்குப் பின் உடனே புறப்பட்டால் மாலை வெளிச்சத்திலேயே எல்ல வளைவுகளைக் கடந்துவிடலாம். பவளப்பாறைத் துண்டைப் பெட்டிக்குள் ஒளித்துவரச் சட்டம் இடந்தராது. கரையிலே ஒதுங்கிய சிப்பி இரண்டு போதும். திஸ்ஸமகாராமப் பக்கத்தில் பாதையோரக் கடைகளிலே எருமைத் தயிர் மண்சட்டியோடு விற்பார்கள். கித்துள் பாணி ஒரு போத்தலும் வாங்கிக்கொண்டால் வீட்டில் நின்றுவிட்ட பாட்டிக்கு அதுவே கடற்கரைப் பரிசு. தயிர் தீர்ந்த பின் சட்டியை என்ன செய்வதென்று எந்த அம்மாவும் எம்மைக் கேட்கப்போவதில்லை. மறுவாரமே லயத்து வாசலிலே அதற்குள் ஒரு கறிவேப்பிலைக் கன்று நிற்கும்.